ஜோ தாமஸும் இடது டேக்கிளின் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களின் கண் பந்தோடுதான் ஓடும். பெரும்பாலும் பந்தைத் தொடாமலேயே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் ஐந்து பேரைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒருவரின் வாழ்க்கையை வைத்து விளக்கினால் தெளிவாக இருக்கும் என்பதால், 2007 முதல் 2017 வரை கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிளாக ஆடிய ஜோ தாமஸைப் பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன்.

ஆஃபென்சிவ் லைன்மேன் என்பவர் களத்தில் என்ன செய்கிறார்?

பந்தை வைத்திருக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர், பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டை ஒட்டி ஒரே வரிசையில் நிற்பார்கள். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் கார்டுகள், அவர்களுக்கும் வெளியே இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள் டேக்கிள்கள். சென்டரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவரான குவார்ட்டர்பேக் பந்தை வீச முயலும்போது, அவரை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணியினரைச் சில விநாடிகள் தடுத்து நிறுத்துவதும், சக வீரர் ஒருவர் பந்தோடு ஓடும்போது எதிரே நிற்பவர்களை நகர்த்தி அவருக்கு வழி திறந்துவிடுவதும் இந்த ஐவரின் வேலை.

விதிகளும் இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தே வைத்திருக்கின்றன. 50 முதல் 79 வரையிலான எண்களை அணிந்திருக்கும் இவர்கள், நடுவரிடம் முன்கூட்டியே அறிவித்தால் ஒழிய, முன்னோக்கி வீசப்பட்ட பந்தைப் பிடிக்கச் செல்ல முடியாது. பந்து வீசப்படும் முன் கோட்டைத் தாண்டி ஒரு கஜத்துக்கு மேல் போகவும் கூடாது. எதிரியின் சட்டையைப் பற்றி இழுத்தால் அணிக்கு 10 கஜம் தண்டனை, பந்து நகரும் முன் அசைந்துவிட்டால் 5 கஜம். ஆக, தொலைக்காட்சியில் ஒரு லைன்மேனின் பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது என்றால் அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றே பெரும்பாலும் பொருள். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் போன்றது இவர்களின் நிலை. தேர் நேராக வரும்வரை யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஐவரில் இடது டேக்கிளுக்கு மட்டும் ஏன் தனி மதிப்பு?

குவார்ட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் வலக்கையர்கள். வலக்கையால் வீசுவதற்காக உடலைத் திருப்பும்போது அவர்களின் முதுகு இடப்பக்கம் பார்த்தபடி அமைந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவரை அவர்கள் பார்க்க முடியாது. 1981-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த லாரன்ஸ் டெய்லர், பெரிய உடலும் அசாத்திய வேகமும் ஒன்றாகச் சேர்ந்தவராக இருந்தார். அவரை எப்படி நிறுத்துவது என்று எதிரணிப் பயிற்சியாளர்கள் திணறினார்கள். 1985 நவம்பர் 18 அன்று அவர் பாய்ந்து பிடித்தபோது வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது, அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அந்த ஆட்டம் தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது.

1978-இல் விதிகள் தளர்த்தப்பட்டு, லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று ஆனதிலிருந்தே பந்து வீச்சுக்கு முக்கியத்துவம் கூடிக்கொண்டு வந்தது. 1993-இல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை விரிவாகக் கிடைத்தபோது, அணிகள் எந்த இடத்துக்குப் பணத்தைக் கொட்டத் தயாராக இருக்கின்றன என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர் வரிசையின் மற்ற நால்வரைவிட அதிகம் சம்பாதிக்கத் தொடங்கினார். இன்று எதிரணிகள் தங்கள் சிறந்த பாய்ச்சல்காரரை வலப்பக்கமும் நிறுத்துகின்றன என்பதால் இந்த இடைவெளி முன்போல் இல்லை.

ஒரே ஒரு ஆட்டத் துணுக்கில் இடது டேக்கிள் என்னென்ன செய்கிறார்?

பந்து சென்டரின் கையிலிருந்து கிளம்பும் நொடியை ஸ்நாப் என்கிறார்கள். அங்கிருந்து தொடங்கி, பந்து வீசப்படும்வரை சராசரியாக இரண்டரை விநாடியோ மூன்று விநாடியோதான் ஆகும். அதற்குள் நடப்பதைப் பார்ப்போம்.

இடது டேக்கிள் வலக்காலைச் சற்று முன்னும் இடக்காலைப் பின்னும் வைத்து, முழங்காலை மடக்கி நிற்கிறார். ஸ்நாப் ஆனதும் இடக்காலைப் பின்னோக்கி உதைத்து வைக்கிறார், வலக்கால் தரையை உரசியபடி அதைத் தொடர்கிறது. கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கவே கூடாது, கடந்த அந்த நொடியில் ஒரு தள்ளு போதும் அவர் விழுவதற்கு. இப்படிப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, தன்னை நோக்கி முழு வேகத்தில் முன்னோக்கி ஓடிவரும் ஒருவரைச் சமாளிக்க வேண்டும். வருபவருக்கு மூன்று வழிகள் உண்டு. வெளிப்புறமாக வளைந்து வேகத்தால் கடந்துவிடலாம், நெஞ்சில் முட்டி டேக்கிளையே குவார்ட்டர்பேக்கின் மடியில் கொண்டுபோய்த் தள்ளலாம், வெளியே போவதுபோல் போக்குக் காட்டி உட்புறமாகத் திரும்பலாம். குவார்ட்டர்பேக்கை அடையும் மிகக் குறுகிய வழி உட்புறம்தான் என்பதால், அதை முதலில் அடைப்பதே டேக்கிளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதல் பாடம்.

அடுத்தது கைகள். இரு கைகளையும் எதிரியின் நெஞ்சுக்குள், அவருடைய கைகள் தன் நெஞ்சுக்கு வரும் முன், பதிக்க வேண்டும். முந்திக்கொண்டு நீட்டினால் அவர் தட்டிவிட்டுப் போய்விடுவார், தாமதித்தால் அவருடைய கை முதலில் பதிந்துவிடும். எதிரணியின் மைதானத்தில் ஆடும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ரசிகர்களின் கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது என்பதால், பந்தின் அசைவை ஓரக்கண்ணால் பார்த்தே டேக்கிள் கிளம்ப வேண்டியிருக்கும். எதிரே நிற்பவரும் அதே பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய அரை நொடி முன்தொடக்கம் அப்போது டேக்கிளுக்குக் கிடைப்பதில்லை.

ஜோ தாமஸின் தனிச்சிறப்பு, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பின்வாங்காததில் இருந்தது. சில நேரம் ஸ்நாப் ஆனதுமே கோட்டின் மேலேயே எதிரியைச் சந்தித்து அவருடைய ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே குலைத்துவிடுவார், சில நேரம் ஆழமாகப் பின்னே சென்று காத்திருப்பார். எதிரே நிற்பவர் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்ள அவர் இடம் கொடுத்ததே இல்லை.

ஜோ தாமஸ் இந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் 1984 டிசம்பர் 4 அன்று பிறந்தவர். மில்வாக்கி நகரை ஒட்டிய ஊர் அது. மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கனமான, உயரமான லைன்மேன்களை உருவாக்குவதில் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்ற இடம் அது. அங்கே கால்பந்துடன் குண்டு எறிதலிலும் வட்டெறிதலிலும் போட்டியிட்டார். சிறிய வட்டத்துக்குள் சமநிலை குலையாமல் சுழலக் கற்ற ஒருவருக்கு டேக்கிளின் கால் நகர்வு எளிதில் வசப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

2006 ஜனவரியில் ஆர்லாண்டோவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த கேபிட்டல் ஒன் பவுல் ஆட்டத்தில், அணியில் காயமடைந்தவர்கள் அதிகமாக இருந்ததால், அவர் தற்காப்பு வரிசையிலும் இறங்கினார். அங்கே ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீக்கின் வாசலில் நின்றுகொண்டிருந்த 21 வயது இளைஞருக்கு அது சாதாரண அடி இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் அதே ஆண்டின் பருவத்துக்கே திரும்பி வந்து, கல்லூரி அளவில் சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருதைப் பெற்றார்.

டிராஃப்ட் நாளன்று மீன் பிடிக்கப் போய்விட்டார் என்பது உண்மையா?

உண்மை. டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை லீக்கின் 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு, 1936-இலிருந்து நடந்து வருகிறது. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2014 வரை முன்னணி இளைஞர்கள் நியூயார்க்குக்கு அழைக்கப்பட்டு, பெயர் அறிவிக்கப்பட்டதும் மேடையேறி அணியின் தொப்பியை அணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2007 ஏப்ரல் 28 அன்று ஜோ தாமஸ் அந்த அழைப்பை ஏற்காமல், தன் தந்தையுடன் மிச்சிகன் ஏரியில் படகில் இருந்தார். ரெய்டர்ஸ் அணி முதலில் ஜமார்கஸ் ரஸ்ஸலையும், லயன்ஸ் அணி இரண்டாவதாகக் கால்வின் ஜான்சனையும் எடுத்தன. மூன்றாவதாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவர் பெயரை அறிவித்தபோது அவர் தண்ணீரின் நடுவேதான் இருந்தார்.

அதே நாளில் அதே கிளீவ்லாந்து அணி 22-ஆவது இடத்தில் குவார்ட்டர்பேக் பிரேடி குவினையும் எடுத்தது. குவின் நியூயார்க் அரங்கில் தன் பெயர் வரும்வரை மணிக்கணக்கில் கேமராக்களுக்கு முன் காத்திருந்தார். ரசிகர்கள் அன்று கொண்டாடியது குவினைத்தான்.

10,363 என்ற எண்ணைப் பிரவுன்ஸ் ரசிகர்கள் ஏன் மறப்பதில்லை?

ஜோ தாமஸ் தன் முதல் ஆட்டத்தின் முதல் ஸ்நாப்பில் களமிறங்கியவர், அதன்பின் அணி பந்தை வைத்திருந்த ஒரு ஸ்நாப்பைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து ஆடிய எண்ணிக்கை அது. லீக் ஸ்நாப்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு நீண்ட தொடர் வேறு யாருக்கும் பதிவாகவில்லை.

ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 62 ஸ்நாப் வருகிறது. ஒவ்வொன்றிலும் 120 கிலோவோ அதற்கும் மேலோ உள்ள ஒருவருடன் மோதல். 140 கிலோ எடையுள்ள சக வீரர்கள் பின்னாலிருந்து கால்மேல் விழுவதும் அடிக்கடி நடக்கும், லைன்மேன்களின் முழங்காலும் கணுக்காலும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். விரல் பிசகுவது காயக் கணக்கிலேயே சேராது. அணி 30 புள்ளிகள் பின்தங்கி, ஆட்டம் கைவிட்டுப்போன கடைசி நிமிடங்களில் மூத்த வீரர்களை உட்கார வைத்துவிட்டு இளையவர்களை இறக்குவது எல்லா அணிகளிலும் உள்ள வழக்கம். அப்படிப்பட்ட நிமிடங்கள் பிரவுன்ஸ் அணிக்கு அந்த ஆண்டுகளில் ஏராளமாக வாய்த்தன. அவற்றிலும் அவர் அணிந்த 73-ஆம் எண் களத்தில் நின்றது. அந்தத் தொடரில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்தப் பகுதிதான். ஜெயிக்கும் ஆட்டத்தில் யாருக்கும் உட்காரப் பிடிக்காது. வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில், யாரும் கவனிக்காத ஒரு ஸ்நாப்பில், அதே கால் நகர்வைப் பிசகாமல் செய்ய வேறு விதமான மனம் வேண்டும்.

அவர் ஆடிய காலத்தில் அணி அவ்வளவு மோசமாகவா இருந்தது?

ஆம். அவருடைய முதல் ஆண்டான 2007-இல் பிரவுன்ஸ் 10 வெற்றி, 6 தோல்வி பெற்றது, ஆனாலும் சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. பிறகு ஒரு பருவத்தில்கூட தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமானதில்லை. 2016-இல் ஒரே ஒரு வெற்றி, 2017-இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. அவர் அணியில் இருந்த 11 பருவங்களின் கூட்டுக் கணக்கு 48 வெற்றி, 128 தோல்வி. ரோமியோ கிரென்னல், எரிக் மான்ஜினி, பாட் ஷர்மர், ராப் சட்ஜின்ஸ்கி, மைக் பெட்டின், ஹியூ ஜாக்சன் என ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். ஜோ தாமஸ் தன் வாழ்நாளில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை.

குவார்ட்டர்பேக் மாறினால் லைன்மேனுக்கு என்ன வந்தது?

நிறைய வருகிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஜோ தாமஸ் காத்த குவார்ட்டர்பேக்குகள், தொடக்க வீரராக இறங்கியவர்களை மட்டும் எண்ணினால், 20 பேர். முதலாமவரான சார்லி ஃப்ரை 2007-இன் முதல் ஆட்டத்தில் தொடங்கி, பாதியில் வெளியே எடுக்கப்பட்டு, அந்த வாரமே சியாட்டில் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த வாரம் டெரெக் ஆண்டர்சன் வந்தார், சின்சினாட்டி அணியை 51-45 என்று வென்றார்கள். அதற்குப் பின் பிரேடி குவின், ஜேக் டெலோம், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், பிரையன் ஹோயர், ஜானி மான்செல், ஜாஷ் மெக்கவுன், ராபர்ட் கிரிஃபின் என்று வரிசை நீண்டு, 2017-இல் கெவின் ஹோகனில் 20 ஆனது.

டேக்கிளுக்குக் குவார்ட்டர்பேக் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அவரைப் பார்க்க முடியாது. அவர் எங்கே நிற்பார் என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டுதான் எதிரியை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒருவர் ஏழு கஜம் பின்னே போய் நிற்பார், இன்னொருவர் ஒன்பது கஜம் போவார். எதிரியை வெளிப்புறமாகச் சுற்றவிட்டு, குவார்ட்டர்பேக்கின் பின்னால் வீணாக ஓடச் செய்வது டேக்கிளின் நல்ல உத்தி, ஆனால் குவார்ட்டர்பேக் இரண்டு கஜம் கூடுதலாகப் பின்வாங்கியிருந்தால் அதே உத்தி எதிரியை நேராக அவரிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிலர் பந்தைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், மான்செலைப் போன்றவர்கள் இடத்தை விட்டு ஓடத் தொடங்கிவிடுவார்கள். குரல் கொடுக்கும் தாளமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே குவார்ட்டர்பேக்குடன் பத்தாண்டு ஆடும் டேக்கிளுக்கு இவையெல்லாம் பழக்கத்தில் கரைந்துவிடும். 20 பேரை மாற்றி மாற்றிக் காத்தும் தரம் குறையாமல் நின்றதைக் இடைவிடாத ஸ்நாப் தொடருக்கு இணையான சாதனையாகவே நான் கருதுகிறேன்.

வேறு நல்ல அணிக்கு அவர் ஏன் போகவில்லை?

2011-இல் பிரவுன்ஸ் அவருக்கு ஏழாண்டு நீட்டிப்பு ஒப்பந்தம் கொடுத்தது, அதன் மொத்த மதிப்பு 8 கோடி டாலருக்கு மேல். 2015-இல் டென்வர் பிராங்கோஸ் அவரைப் பெற முயன்றது, அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் வரை பேச்சு நடந்து கடைசியில் முறிந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் டென்வர் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை, அதன் 50-ஆவது ஆண்டில் வென்றது. கிளீவ்லாந்தைத் திருப்பி நிமிர்த்தும் அணியில் தானும் இருக்க வேண்டும் என்பதே தன் விருப்பம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அது நிறைவேறவில்லை.

புள்ளிவிவரமே இல்லாத ஒருவரை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

ஓடிய கஜங்கள், பிடித்த பந்துகள், எடுத்த புள்ளிகள் என எல்லாருக்கும் லீக் கணக்கு வைத்திருக்கிறது. லைன்மேனுக்கு அப்படி எதுவும் பெரிதாக இல்லை, ஆடிய ஆட்டங்களும் தண்டனைகளும்தான். அதனால் ஆட்டம் முடிந்த மறுநாள் பயிற்சியாளர்கள் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். தடுப்பு வெற்றி பெற்றிருந்தாலும் கால் வைத்த விதம் தவறென்றால் மதிப்பெண் குறையும். தனியார் ஆய்வு நிறுவனங்களும் இப்போது இதைச் செய்கின்றன. வெளியுலகுக்குத் தெரிவது சக வீரர்கள், பயிற்சியாளர்கள், ரசிகர்களின் வாக்குகளால் தேர்வாகும், பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுல் அழைப்பும், பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஆல்-புரோ பட்டியலும்தான். ஜோ தாமஸ் 2007 முதல் 2016 வரை தொடர்ந்து பத்து முறை புரோ பவுலுக்கும், ஆறு முறை ஆல்-புரோ முதல் அணிக்கும் தேர்வானார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் லைன்மேனுக்கு இத்தனை வாக்கு விழுவது அபூர்வம்.

இவ்வளவு உடல் எடையை எப்படிக் காக்கிறார்கள்? ஓய்வுக்குப் பின் என்ன ஆகிறது?

ஜோ தாமஸின் உயரம் ஆறரை அடி, ஆடிய காலத்து எடை சுமார் 141 கிலோ. இது பலருக்கு இயல்பான எடை இல்லை, வேலைக்காகச் சுமப்பது. எடை குறைந்தால் நெஞ்சில் முட்டி வருபவர் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார் என்பதால், பசியில்லாதபோதும் சாப்பிட வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதே கடினம் என்ற நிலைக்கு உடல் பழகிவிடும். ஓய்வு பெற்றதும் ஜோ தாமஸ் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். மாவுச்சத்தைக் குறைத்ததும், மூட்டுகளை வருத்தாத நீச்சல் போன்ற பயிற்சிகளும் அதற்கு உதவின. இன்று அவரைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் லைன்மேன் என்று நம்ப மாட்டார்கள். எல்லாராலும் இப்படிக் குறைக்க முடிவதில்லை. எடை தங்கிவிட்டவர்களுக்கு இதய நோயும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் பெரிய அபாயங்கள்.

வெயிலும் இவர்களுக்கு எதிரி. 2001 ஆகஸ்ட் 1 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் வலது டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர், பயிற்சி முகாமில் வெப்ப அதிர்ச்சிக்கு ஆளாகி 27 வயதில் இறந்தார். கோடைகாலப் பயிற்சியை அணிகள் நடத்தும் முறை அதன்பிறகே மாறியது.

தலையில் ஏற்படும் பாதிப்பு எவ்வளவு தீவிரமானது?

மிகவும் தீவிரமானது, இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூளைச் சிதைவு நோய் ஒன்று தொழில்முறைக் கால்பந்து வீரரிடம் முதலில் கண்டறியப்பட்டது ஒரு லைன்மேனிடம்தான். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டராக நான்கு சூப்பர் பவுல்களை வென்ற மைக் வெப்ஸ்டர், ஓய்வுக்குப் பின் நினைவு குழம்பி, வீடின்றித் தன் வாகனத்திலேயே உறங்கும் நிலைக்குப் போய், 2002-இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த நோய்க்குறியியலாளர் பென்னட் ஒமாலு தன் கண்டுபிடிப்பை 2005-இல் வெளியிட்டார். லீக் முதலில் அதை ஏற்க மறுத்தது. பிறகு முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்குகளில் லீக் ஒப்புக்கொண்ட இழப்பீடு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

லைன்மேனின் சிக்கல், ஒரே பெரிய மோதலில் மயங்கி விழுவதைவிட, ஒவ்வொரு ஸ்நாப்பிலும் தலை சிறிதளவு அதிர்வதில் இருக்கிறது. அந்த அதிர்வுகளை யாரும் காயமாகப் பதிவு செய்வதில்லை. 10,363 என்ற எண்ணைக் கொண்டாடும்போதே இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஜோ தாமஸே ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தன் ஞாபகம் தடுமாறுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பொதுவாக இந்த வேலை எத்தனை ஆண்டுகள் நீடிக்கும்?

லீக் வீரர்களின் சராசரி ஆட்டக்காலம் மூன்றாண்டுகளை ஒட்டியே இருப்பதாக வீரர்கள் சங்கம் சொல்கிறது. ஓய்வூதிய உரிமைக்கும் குறைந்தது மூன்று பருவங்கள் தேவை. நிலைத்துவிட்ட லைன்மேன்கள் நெடுங்காலம் ஆடுவதும் உண்டு: ராம்ஸ் அணியில் ஜாக்கி ஸ்லேட்டர் 20 பருவங்கள் ஆடினார், புரூஸ் மாத்யூஸ் வரிசையின் ஐந்து இடங்களிலும் நின்று 296 ஆட்டங்களை முடித்தார்.

டிராஃப்டில் முன்னே வராதவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

வரிசையின் ஐந்து இடங்களும் உழைப்புக்கு நன்றாகவே வழிவிடுகின்றன. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் சென்டர் ஜேசன் கெல்சி 2011-இல் ஆறாவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார், இந்த வேலைக்கு உடல் சிறியது என்று பலர் கருதினார்கள். அவர் 13 பருவங்கள் ஆடி, 2018 பிப்ரவரியில் அந்த அணி தன் முதல் சூப்பர் பவுலை வென்றபோது நடுவில் நின்றார். அதே அணியின் ஜோர்டான் மைலாட்டா சிட்னியில் ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். 2018-இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்படும்வரை ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்கூட ஆடியதில்லை. ஸ்நாப்புக்கு எப்படி நிற்பது என்பதிலிருந்து எல்லாவற்றையும் வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்டிடம் கற்று, இடது டேக்கிளாக உயர்ந்து, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்ற அணியில் இடம்பெற்றார்.

ஜோ தாமஸின் தொடர் எப்படி முடிந்தது?

2017 அக்டோபர் 22 அன்று கிளீவ்லாந்தில் டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். மூன்றாம் கால் பகுதியில் எதிரே வந்தவரைத் தடுத்துக்கொண்டிருந்தபோது அவர் இடக்கையைப் பிடித்தபடி தரையில் சாய்ந்தார். மேற்கையின் பின்புறத் தசைநார் கிழிந்திருந்தது. அவர் எழுந்து வெளியேறியபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் இடத்துக்கு ஸ்பென்சர் டிராங்கோ என்ற இளைஞர் வந்தார். பத்தாண்டுகளுக்கு மேலாக வேறு யாரும் அங்கே ஒரு ஸ்நாப்கூட நின்றதில்லை. கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தையும் கிளீவ்லாந்து 12-9 என்று தோற்றது. 2018 மார்ச்சில் ஜோ தாமஸ் ஓய்வை அறிவித்தார். அடுத்த பருவத்தில் அணி தன் அரங்கின் மரியாதை வளையத்தில் 10,363 என்ற எண்ணைப் பொறித்தது.

ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் எப்போது கிடைத்தது?

தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு காத்திருந்தே ஒருவர் தகுதி பெற முடியும். தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே தேர்வாகி, 2023 ஆகஸ்ட் 5 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் சேர்க்கப்பட்டார். கான்டன் கிளீவ்லாந்திலிருந்து சாலை வழியே ஒரு மணி நேரம்தான், கூட்டத்தில் பெரும்பகுதி பிரவுன்ஸ் நிறமான ஆரஞ்சிலும் பழுப்பிலும் இருந்தது. குவார்ட்டர்பேக்குகளை வேட்டையாடுவதில் பெயர் பெற்ற டிமார்கஸ் வேர் என்பவரும் அதே ஆண்டு அதே மேடையில் சேர்க்கப்பட்டார்.

ஒரு லைன்மேனை ரசிக்க வேண்டுமானால் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

ஸ்நாப் ஆன பின் முதல் இரண்டு விநாடிகள் பந்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு டேக்கிளை மட்டும் பாருங்கள். அவர் கால்கள் குறுக்கே கடக்கின்றனவா, தலை முன்னே சாய்கிறதா, முதலில் யாருடைய கை நெஞ்சில் பதிகிறது என்று கவனியுங்கள். ஒரு கால் பகுதி முழுக்க இப்படிப் பார்த்தால், எதிரே நிற்பவர் தன் உத்திகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும், டேக்கிள் அதற்கேற்பத் தன் பின்வாங்கலை மாற்றுவதும் புலப்படத் தொடங்கும். தொலைக்காட்சி மீள்காட்சிகள் பெரும்பாலும் பந்தையே காட்டும் என்பதால், களம் முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் ஒளிப்பதிவு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஜோ தாமஸின் பழைய ஆட்டங்களில் 2009, 2010, 2011 பருவங்களிலிருந்து தொடங்கலாம். ஜேம்ஸ் ஹாரிசன் உச்சத்தில் இருந்த பிட்ஸ்பர்க்குக்கு எதிராகப் பருவத்துக்கு இருமுறை அவர் ஆடிய காலம் அது.